தனுஷ்கோடி மணல்மேடு: முதல்முறை போகிறவர்களுக்கு

தனுஷ்கோடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை வண்டியில் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வழியோரத்து மணல்மேட்டில் கால்கூட வைப்பதில்லை. இந்தக் குறிப்பு அந்த மேட்டுக்காக.

படி 1: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்கள். ராமேஸ்வரத்திலிருந்து பஸ் உண்டு. காலையில் வழி திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். காற்று வலுத்துவிட்டால் இரவில் பதிந்த தடமெல்லாம் அழிந்துவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாட்டிலோடு போன எனக்கு ஒன்பது மணிக்கே நா வறண்டுவிட்டது.

படி 2: ஏறுமுன் மேட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காற்று வரும் பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். சாய்ந்த பக்கமாக ஏறுங்கள். மறுபக்கத்தில் ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும்.

படி 3: முள்பந்து போல ஏதாவது உருண்டு வந்தால் அது இராவணன் மீசைப் புல்லின் விதைக்கொத்து. காற்றே அதற்கு வண்டி. அந்தப் புல்லின் மேல் உட்கார்ந்துவிடாதீர்கள், இலை நுனி ஊசி. பக்கத்தில் ஊதாப் பூவோடு படர்ந்திருப்பது அடம்பு. சங்கப் புலவர்கள் இதன் இலையை மான் குளம்புக்கு ஒப்பிட்டார்கள். இவ்விரண்டின் வேரும் கொடியும்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன. மிதிக்காமல் நடங்கள்.

படி 4: இதற்குத்தான் பொறுமை வேண்டும். கடலோரம் இறங்கினால் விரல் நுழையும் அளவிலிருந்து முஷ்டி அளவு வரை வளைகள் தெரியும். வாயில் ஈர மணல் சிதறியிருந்தால் உள்ளே நண்டு இருக்கிறது. பத்தடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். முதலில் காம்பின் மேல் இரண்டு கண்கள் எழும். பிறகு மணல் நிறத்திலேயே ஒரு நண்டு, கால்களுக்கிடையே மணலை அணைத்துக்கொண்டு வந்து, வெளியே வீசிவிட்டு உள்ளே ஓடும். உங்கள் நிழல் வளைமேல் விழுந்தால் அரைமணி நேரம் வீண்.

படி 5: பூநாரைகளை (ஃபிளமிங்கோ) தேடிக் கடலைப் பார்க்காதீர்கள், ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பைப் பாருங்கள். 2025-இல் இங்கே அவற்றுக்காகச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். தொலைநோக்கி இருந்தால் போதும், கிட்டே போக வேண்டாம்.

தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் ஆண் கடல், வடக்கே பாக் விரிகுடா அமைதியான பெண் கடல் என்பார்கள். பெயரை நம்பி எதிலும் குளிக்க இறங்காதீர்கள்.

திரும்பும் வழியில் குடிசைகளுக்கு அருகே மணலில் தோண்டிய ஊற்றைப் பாருங்கள். உப்புநீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்பதால், சில அடியிலேயே குடிக்கிற தண்ணீர். இன்னும் ஆழம் போனால் உப்பு. கேட்டால் மொண்டு தருவார்கள். மணல் ஒட்டிய காலை மட்டும் அதில் கழுவிவிடாதீர்கள்.