ஏற்காட்டு லாகும் சேலத்து லாகும்: ஷெல் ஸ்கிரிப்டால் ஒரே அட்டவணையாக்குதல்

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்றும், ஏற்காட்டில் தாய்மாமாவின் காப்பித் தோட்டத்தில் ஒன்றுமாக இரண்டு வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் தத்தம் லாகில், அதாவது பதிவுக் கோப்பில், 10 நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கின்றன. கீழுக்கும் மேலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதை ஒவ்வொரு நேரத்துக்கும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாமா கேட்டார். இரண்டு கோப்புகளையும் ஒட்டுவதற்கு லினக்ஸில் உள்ள ஜாயின் கட்டளை ஒரே வரியில் முடிகிற வேலை. ஆனால் ஒட்டுவதற்கான திறவுகோல், அதாவது நேரம், இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் அந்தக் கட்டளை சத்தமில்லாமல் வரிகளை விட்டுவிடும். ஆகவே இங்கே பெரும்பகுதி நேரத்தைச் சீராக்குவதைப் பற்றியே இருக்கும். கட்டளைப் பெயர்களைத் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

சேலத்துக் கருவி எழுதும் வரி இப்படி இருக்கும்:

05/02/2025 14:10:07 இன்ஃபோ டெம்ப் 33.4

ஏற்காட்டுக் கருவி அதே கணத்தை இப்படி எழுதுகிறது:

2025-02-05 08:40:02,25.9

முதலாவது இந்திய நேரம். நாள் முன்னால், ஆண்டு பின்னால். இரண்டாவது உலகப் பொது நேரமான யுடிசி. அது நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. இதைக் கவனிக்காமல் நான் முதலில் செய்த அட்டவணையில், காலை எட்டரை மணிக்கு ஏற்காடும் சேலமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருந்தன. மலையின் பிற்பகல் 2 மணி வெயில், சமவெளியின் காலை நேரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர் என்பதால், நண்பகலை ஒட்டி 8 டிகிரிக்குப் பக்கத்தில் வித்தியாசம் வரவேண்டும். எந்த லாகை ஒட்டினாலும், விடை ஏறத்தாழ என்னவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு அளவைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு நேரங்களையும் 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணாக மாற்றிவிடுவதே நம்பகமான வழி. இதற்கு, கோப்பை வரிவரியாகப் படித்துக் கையாளும் ஜிஆக் நிரலில் உள்ள எம்கேடைம் செயற்கூறு போதும். உபுண்டு லினக்ஸில் இயல்பாக வருவது அதே வகையின் இன்னொரு நிரலான எம்ஆக் என்பதால் ஜிஆக்கைத் தனியே நிறுவிக்கொள்ளுங்கள். எம்கேடைமுக்கு ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் இடைவெளி விட்ட ஒரு சரத்தைக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் எந்த ஊருடையது என்பதை டிஇசட் என்ற சூழல் மாறி தீர்மானிக்கிறது; ஆகவே சேலத்துக் கோப்புக்கு ஜிஆக்கை ஓட்டும்போது அந்த மாறிக்கு ஏசியா சாய்கோடு கோல்கட்டா என்றும், ஏற்காட்டுக் கோப்புக்கு யுடிசி என்றும் கட்டளைக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

சேலத்து வரியில் இன்ஃபோ என்ற சொல் மூன்றாவது புலமாக, அதாவது இடைவெளிகளால் பிரியும் மூன்றாவது துண்டாக, உள்ள வரிகளை மட்டும் எடுத்து, முதல் புலத்தைச் சாய்கோட்டிலும் இரண்டாவதை முக்காற்புள்ளியிலும் ஸ்பிளிட் செயற்கூறு கொண்டு பிரித்தால் தேவையான ஆறு எண்களும் கிடைக்கும். வெப்பநிலை ஐந்தாவது புலம். ஏற்காட்டு வரிக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. மைனஸ் பெரிய எஃப் தெரிவில் சதுர அடைப்புக்குள் சிறுகோடு, இடைவெளி, முக்காற்புள்ளி, காற்புள்ளி நான்கையும் பிரிப்பான்களாகக் கொடுத்தால் வரி நேராக ஏழு புலங்களாக உடைந்துவிடும். சிறுகோடும் பிரிப்பான் ஆவதால் பூஜ்யத்துக்குக் கீழான வெப்பநிலையின் கழித்தல் குறி தொலைந்துபோகும். ஏற்காட்டில் அந்தக் கவலை இல்லை. ஊட்டி லாகுக்கு இதை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம்.

கருவிகள் சரியாக ஒரே நொடியில் எழுதுவதில்லை. நொடி எண்ணை 600ஆல் வகுத்து, முழு எண்ணாக்கி, மறுபடி 600ஆல் பெருக்கினால் இரண்டு வரிகளும் 1738744800 என்ற ஒரே 10 நிமிடக் கட்டத்தில் வந்து விழும். ஒரே கட்டத்தில் இரண்டு அளவீடுகள் இருந்தால் ஜாயின் அவற்றை ஒன்றோடொன்று பெருக்கி வரிகளைக் கூட்டிவிடும்; எனவே ஜிஆக்கிலேயே கட்ட எண்ணைத் திறவுகோலாகக் கொண்ட அணியில் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் சேர்த்து, எண்ட் பகுதியில் சராசரியை அச்சிடுங்கள். 10 நிமிடக் கட்டத்துக்குப் பதிலாக 3600 என்று மணிக்கணக்கில் கட்டம் போட்டால், நமது நேரத்தில் ஒவ்வொரு கட்டமும் அரைமணியில் தொடங்கும். 5.30 என்ற நமது வித்தியாசத்தின் வேலை அது. மணிக்கட்டம் வேண்டுமென்றால் வகுப்பதற்கு முன் 1800 நொடிகளைக் கூட்டி, பிறகு கழித்துவிடுங்கள்.

பழைய லாகுகள் சுருக்கப்பட்டுக் கிடக்கும். இசட்கேட் கட்டளையை மைனஸ் எஃப் தெரிவோடு ஓட்டினால் சுருக்கியவை, சுருக்காதவை இரண்டையும் படித்துக்கொடுக்கும். வரிசைப்படுத்தல் பின்னால் வருவதால் கோப்புகள் எந்த வரிசையில் வந்தாலும் பரவாயில்லை.

எனக்கு ஒரு மாலை முழுவதையும் தின்றது வேறொரு சங்கதி. ஏற்காட்டுக் கருவி விண்டோஸ் பாணியில் வரியை முடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரும்பல் குறி 25.9க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அடுத்து அச்சிடும் எதையும் வரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் எழுதிவிடும். கேட் மைனஸ் பெரிய ஏ என்று பார்த்தால் வரிக்கடைசியில் டாலருக்கு முன்னால் ஒரு கூர்க்குறியும் எம் எழுத்தும் தெரியும். இசட்கேட்டுக்கும் ஜிஆக்குக்கும் நடுவில் டிஆர் மைனஸ் டி கொண்டு அந்தக் குறியை நீக்கிவிடுங்கள்.

இப்போது ஜிஆக் தந்த இரண்டு இடைக்கோப்புகளையும் வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். சார்ட்டும் ஜாயினும் ஒரே எழுத்து வரிசையைப் பின்பற்றுவதற்காக, எல்சி ஆல் என்ற சூழல் மாறிக்குப் பெரிய சி என்று, இந்தக் கட்டளைகளையெல்லாம் எழுதிவைக்கும் ஸ்கிரிப்டின் மேலேயே எக்ஸ்போர்ட் கட்டளையால் ஏற்றுமதி செய்யுங்கள். ஜாயின் எண்களை எண்களாக அல்ல, எழுத்துகளாகவே ஒப்பிடுகிறது. நம் நொடி எண்களெல்லாம் 10 இலக்கம் என்பதால் இரண்டும் ஒன்றாகவே அமையும். ஜாயினுக்கு மைனஸ் ஏ 1, மைனஸ் ஏ 2 இரண்டையும் கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் உள்ள வரிகளும் தங்கும். மைனஸ் ஓ தெரிவில் 0, 1.2, 2.2 என்று புலங்களைச் சொல்லி, மைனஸ் இ தெரிவில் ஒரு சிறுகோட்டைக் கொடுத்தால் வெற்றிடம் சிறுகோடாக நிரம்பும். மைனஸ் ஓ இல்லாமல் மைனஸ் இ மட்டும் கொடுப்பதால் பயனில்லை. தோட்டத்தில் மின்சாரம் போன இரவுகள் இந்தச் சிறுகோடுகளாகத்தான் தெரியவந்தன.

ஏதாவது பிழை வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்பதற்காக, அதன் தலைப்பில் செட் மைனஸ் இ, மைனஸ் யு, பைப்ஃபெயில் மூன்றையும் இடுவது என் வழக்கம். அப்படி இட்டால், வரிகளைத் தேடும் கிரெப் கட்டளை, வரி எதுவும் கிடைக்காதபோது 1 என்ற வெளியேற்ற எண்ணைத் தந்து மொத்த ஸ்கிரிப்டையும் நிறுத்திவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேலே வடிகட்டலை ஜிஆக்குக்குள்ளேயே வைத்ததற்கு அதுவே காரணம். இடைக்கோப்புகளை, தற்காலிகக் கோப்பு உருவாக்கும் எம்கேடெம்ப் மூலம் உருவாக்கி, ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் டிராப் கொண்டு அழியவிடுங்கள். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் தினமும் ஓடவிடும்போது, விடையையும் முதலில் அட்டவணை இருக்கும் அடைவிலேயே ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, டபிள்யூசி மைனஸ் எல் கொண்டு வரிகளை எண்ணி, ஒரு நாளுக்குரிய 144 வரிகள் இருந்தால் மட்டும் எம்வி கட்டளையால் பழைய அட்டவணையின் இடத்துக்கு நகர்த்துங்கள்.