சான்றைக் கருத்தோடு இணைத்தல்: வாதக் கட்டுரை கற்பிக்கும் முறை

கருத்தும் சரியாக இருக்கும், சான்றும் நம்பத்தகுந்ததாக இருக்கும். ஆயினும் கட்டுரை எவரையும் இணங்க வைக்காது. இக்குறையைக் களைய என் வகுப்பில் பயன்பட்ட முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். முன்னுரை, முடிவுரை அமைப்பதைப் பாடநூல்களே போதுமான அளவு சொல்லிவிடுகின்றன.

முதல் படி, மறுக்க இடமுள்ள கருத்தைத் தேர்வு செய்தல். "தூக்கம் உடலுக்கு நல்லது" என்பதை மறுப்பார் இல்லை; ஆகவே அதில் வாதமும் இல்லை. "உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன்பு தொடங்கக் கூடாது" என்று எழுதினால் எதிர்ப்பவர்கள் உடனே எழுவார்கள்.

இரண்டாம் படி, சான்று திரட்டுதல். ஓர் அட்டையில் ஒரு சான்றை மட்டும், சொன்னவர் யார், எந்த ஆண்டு என்ற விவரத்தோடு எழுதி, பின்புறத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். இதற்குச் செயலிகள் பல இருந்தாலும் நான் தாள் அட்டைகளையே விரும்புகிறேன். மேசையில் பரப்பியதும் எந்தக் கருத்து சான்றின்றி நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி, சான்று எப்படிக் கருத்தை நிறுவுகிறது என்று சொல்லி இரண்டையும் இணைத்தல். இதில்தான் மாணவர்கள் தடுக்கி நிற்கிறார்கள். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30 மணிக்கோ அதற்குப் பின்னரோ தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2014இல் பரிந்துரைத்ததை ஒரு மாணவர் எடுத்துக்காட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "முன்னதாகப் படுத்தால் போதாதா?" என்று வாசகர் கேட்டால் அந்தச் சான்றில் விடை இல்லை. பருவமடையும் வயதில் உறக்கம் வரும் நேரமே உடலியல் காரணங்களால் தள்ளிப்போகிறது. அவ்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் தேவை. ஆகவே படுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவதைவிட, எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பள்ளி நேரத்தை மாற்றுவதே பயன் தரும். அட்டையின் பின்புறத்தில் எழுதப்பட வேண்டியது இந்த இணைப்புத்தான்.

இந்த இணைப்பின் தேவை புதிதன்று. மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனத் துணியும்போதும், "எங்கெல்லாம் புகை உண்டோ அங்கெல்லாம் நெருப்பு உண்டு, அடுக்களையில் போல" என்பதை வாதத்தின் தனி உறுப்பாகவே பழைய இந்தியத் தருக்கவியலாரான நியாய நூலார் வைத்தார்கள். தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த வாத அமைப்பிலும் இந்த இணைப்புக்குத் தனியிடம் உண்டு.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஆசிரியர்கள் சிலர், மாணவர்கள் பின்புறத்தில் "இதிலிருந்து நம் கருத்து உண்மை எனத் தெளிவாகிறது" என்று மட்டும் எழுதுவதாகத் தெரிவித்தார்கள். அத்தொடரைத் தடை செய்துவிடுங்கள். முன்புறத்திலும் கருத்திலும் இல்லாத புதிய செய்தி ஒன்றேனும் பின்புற வாக்கியத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி, அருகில் இருக்கும் மாணவர் மறுப்பாளராக அமர்ந்து "அதனால் என்ன?" என்று கேட்டால் அது தானாகவே வந்துவிடும்.

நான்காம் படி, எதிர்வாதம். எளிதில் வீழ்த்தக்கூடியதை அல்ல, மிக வலுவானதையே எடுக்கச் சொல்லுங்கள். பள்ளி தாமதமாகத் தொடங்கினால் மாலைப் பயிற்சிகளும் பெற்றோரின் வேலை நேரமும் பாதிக்கப்படும் என்பது உண்மையான சிக்கல். அதை ஒப்புக்கொண்டு கருத்தைச் சற்றுச் சுருக்க நேர்ந்தாலும் கட்டுரை வலுப்பெறவே செய்யும். பலரும் இதைக் கடைசிப் பத்தியில் வைக்கிறார்கள். நான் இறுதிச் சான்றுக்கு முன்பே வைக்கச் சொல்வேன், மறுப்போடு கட்டுரை நின்றுவிடக் கூடாது என்பதற்காக.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு அட்டைகள் போதும். மதிப்பெண்ணில் பாதியைப் பின்புற வாக்கியங்களுக்கே ஒதுக்குங்கள்.