பல வேர்ட் கோப்புகளில் சொல் தேடும் மக்ரோ "0" என்று சொன்னால் எங்கே பார்ப்பது?

கமக்கார அமைப்பின் கூட்ட அறிக்கைகள், காணிக் கடிதங்கள், பாடசாலைச் சுற்றறிக்கைகள் எல்லாம் ஒரே போல்டரில் பத்து வருடமாகக் குவிந்திருக்கும். "இரணைமடு பற்றி எழுதின கடிதம் எல்லாத்தையும் எடுத்துத் தாங்கோ" என்று கேட்பார்கள். எங்கிருந்தோ கொப்பி பண்ணிய மக்ரோவை (வேர்ட்டுக்குள் ஓடும் சிறு நிரலை) ஓட்டினால் "0 கோப்புகள்" என்று வரும். கடிதம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், மக்ரோவுக்கு மட்டும் தெரியாது.

பிழைச்செய்தி காட்டி நடுவில் நின்றுவிடும் மக்ரோவால் பெரிய கேடில்லை. எதையுமே திறந்து பார்க்காமல் "இல்லை" என்று சொல்லும் மக்ரோவைத்தான் நம்பக்கூடாது. "இல்லை" என்ற சொல் வேறு, "பார்க்கவில்லை" என்ற சொல் வேறு. கீழுள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்தறியத்தான்.

முதலில் ஒரு சோதனைப் போல்டர்

உண்மையான போல்டரில் கை வைக்க வேண்டாம். டெஸ்க்டொப்பில் புதுப் போல்டர் ஒன்றில் ஆறு கோப்புகளைப் போடுங்கள். ஆறிலும் "காணி" என்ற சொல் இருக்க வேண்டும்:

1. யூனிகோடில் அடித்த சாதாரணக் கோப்பு.
2. பாமினி பொன்டில் அடித்த பழைய கோப்பு.
3. சொல் ஹெடரில் மட்டும் உள்ள கோப்பு.
4. சொல் டெக்ஸ்ட் பொக்ஸுக்குள் மட்டும் உள்ள கோப்பு.
5. பாஸ்வேர்ட் போட்ட கோப்பு.
6. கோப்பின் பெயரே தமிழில் உள்ள ஒன்று.

மக்ரோ முடிந்ததும் "5 கிடைத்தது, 1 திறக்க முடியவில்லை" என்று வந்தால் சரி. முதல் ஓட்டத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

மக்ரோ ஓடுகிறதா என்பதே முதல் கேள்வி

மக்ரோ உள்ள கோப்பை டொக்எக்ஸ் ஆகச் சேமித்தால் மக்ரோ போய்விடும். டொக்எம் ஆகச் சேமிக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த கோப்பு என்றால் விண்டோஸ் அதில் "இணையத்தில் இருந்து வந்தது" என்று ஓர் அடையாளம் வைத்திருக்கும். 2022 இலிருந்து மைக்ரோசொப்ட் அப்படியான கோப்புகளின் மக்ரோவை இயல்பாகவே தடுக்கிறது. கோப்பின் மேல் வலது கிளிக், ப்ரொப்பட்டீஸ், கீழே அன்ப்ளொக் என்ற பெட்டியில் சரிக்குறி போடுங்கள். மக்ரோவை உங்களுக்குத் தந்தவர் யார் என்று தெரியாவிட்டால் இந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்.

பிழையை மறைக்கும் வரியை எடுங்கள்

ஓல்ட் + எவ்11 அழுத்தினால் எடிட்டர் திறக்கும். அதில் "ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்" என்ற வரியைத் தேடுங்கள். "என்ன பிழை வந்தாலும் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போ" என்பதே அதன் பொருள். இணையத்தில் கிடைக்கும் மக்ரோக்களில் பாதிக்கு மேல் இந்த வரியைப் போட்டுத்தான் பிழையில்லாதவை போல நடிக்கின்றன என்பது எங்கள் சந்தேகம். வரியின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அது குறிப்பாக மாறி வேலை செய்யாது. இனி மக்ரோ எங்கே நிற்கிறதோ, அங்கேதான் பழுது.

அடுத்து மூன்று எண்ணிக்கைகளைச் சேருங்கள்: போல்டரில் கண்டது, திறந்தது, தவிர்த்தது. கடைசி இரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். வராவிட்டால் முடிவைப் பார்க்கவே தேவையில்லை.

எவ்8 ஐ அழுத்தினால் ஒவ்வொரு வரியாக ஓடும். கன்ட்ரோல் + ஜி அழுத்தினால் கீழே இமீடியட் விண்டோ வரும். அதில் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு மாறியின் (மக்ரோ ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) பெயரை அடித்து என்டர் தட்டினால் அதன் மதிப்புத் தெரியும்.

கோப்பையே காணாத மக்ரோ

கண்டது 0 என்றால் பெரும்பாலும் காரணம் அற்பம்: போல்டர் பாதையின் கடைசியில் பின்சாய்கோடு இல்லை. அப்போது டிர் கட்டளை (போல்டரில் உள்ள கோப்புப் பெயர்களைத் தருவது) பிழை சொல்லாது, வெறுமையைத்தான் தரும்.

பழுது 5111 என்று வந்து "பைல்சேர்ச்" வரியில் நின்றால் அது 2003 காலத்து மக்ரோ. ஒபிஸ் 2007 இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். திருத்தப் பார்க்காமல் அந்தப் பகுதியை முழுதாக மாற்றுங்கள்.

எங்கள் பக்கம் அதிகம் கடிக்கும் பழுது வேறு. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் டிர் அதைக் கேள்விக்குறிகளாகத் திருப்பித் தரும். அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்பதால் திறக்கும்போது பழுது வரும். டிர் பழைய ஏஎன்எஸ்ஐ முறையில் இயங்குகிறது. தமிழுக்கென்று விண்டோஸில் அப்படியொரு குறியீட்டுப் பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) கிடையாது. அதனால் விண்டோஸின் மொழியைத் தமிழுக்கு மாற்றியும் பயனில்லை. டிரை விட்டுவிட்டு "ஸ்க்ரிப்டிங் டொட் பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்" என்பதைப் பாவியுங்கள். அது தமிழ்ப் பெயர்களை அப்படியே தரும். போல்டரின் பாதையையும் மக்ரோவின் கோடில் அடிக்காமல் பைல்டயலொக் (தெரிவுப் பெட்டி) மூலம் தெரிவு செய்யுங்கள்.

உபபோல்டர்களுக்குள் போகவும் பைல்சிஸ்டம்ஒப்ஜெக்டே நல்லது. ஒரு டிருக்குள் இன்னொரு டிரைக் கூப்பிட்டால் வெளியே இருப்பது தன் இடத்தை மறந்துவிடும். பழுது 5 வருவது அதனால்தான்.

ஒரு கவனம்: பைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட் மறைந்த கோப்புகளையும் காட்டும். வேர்ட் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் பெயரின் முதல் இரண்டு எழுத்து ~$ ஆன சின்னக் கோப்பு மிஞ்சிக் கிடக்கும். அது ஆவணமல்ல, பூட்டு. ~$ என்று தொடங்கும் பெயர்களைத் தாண்டிப் போகச் சொல்லி ஒரு நிபந்தனை போடுங்கள். இவற்றைக் கண்ட எண்ணிக்கையிலும் சேர்க்க வேண்டாம்.

திறக்கும் வரி

டொகியுமென்ட்ஸ் டொட் ஓப்பின் வரியில் ரீட்ஒன்லியை ட்ரூ என்றும், அட்டுரீசென்ட்பைல்ஸையும் கன்பேர்ம்கன்வேர்ஷன்ஸையும் போல்ஸ் என்றும் வையுங்கள். பாஸ்வேர்ட்டொகியுமென்ட் என்ற இடத்தில் ஏதாவது ஒரு பொய்ச் சொல்லைக் கொடுங்கள். பூட்டில்லாத கோப்பை அது பாதிக்காது. பூட்டிய கோப்பில், பாஸ்வேர்ட் கேட்டு இரவு முழுக்க நிற்பதற்குப் பதிலாகப் பழுது 5408 வரும். அதைப் பிடித்துக் கோப்பின் பெயரைத் "தவிர்த்தது" பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பிழையை இப்படி ஓரிடத்தில் பிடிப்பது நல்லது. எல்லா இடத்திலும் விழுங்குவதுதான் கெடுதல்.

திறந்த கோப்பை ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். "செட் டொக் = டொகியுமென்ட்ஸ் டொட் ஓப்பின்" என்று எழுதி, அதன்பின் எங்கும் டொக் என்றே சொல்லுங்கள். பலர் அக்டிவ்டொகியுமென்ட் என்று எழுதுவார்கள். விசிபிள் போல்ஸ் என்று மறைவாகத் திறந்த கோப்பு அக்டிவ் ஆகாது. மக்ரோ தான் குந்தியிருக்கும் கோப்பையே திரும்பத் திரும்பத் தேடும். எல்லாக் கோப்பிலும் "கிடைத்தது" என்றோ எல்லாவற்றிலும் "இல்லை" என்றோ ஒரே பதில் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தேடும் சொல்: பழுதின் தாய்வீடு

எடிட்டருக்குள் தமிழ் அடித்தால் கேள்விக்குறிகளே வரும். இன்புட்பொக்ஸிலும் எம்எஸ்ஜிபொக்ஸிலும் அதே கதைதான். எனவே தேடும் சொல்லைக் கோடில் எழுத வேண்டாம். மக்ரோ உள்ள கோப்பின் முதல் பந்தியில் சொல்லை அடித்து வைத்து, அங்கிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். முடிவுகளையும் ஒரு புது வேர்ட் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

பந்தியை வாசிக்கும்போது அதன் முடிவுக்குறியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே தேடினால் பந்தியின் கடைசியில் உள்ள சொல் மட்டும் கிடைக்கும். கடைசி எழுத்தை வெட்டிவிடுங்கள். வெட்டினீர்களா என்று அறிய, எழுத்துக்குறிகளை எண்ணும் லென் கட்டளையைப் பாவியுங்கள். "கிளிநொச்சி" என்பது யூனிகோடில் 10: க, ி, ள, ி, ந, ொ, ச, புள்ளி, ச, ி. 11 வந்தால் இரண்டில் ஒன்று. முடிவுக்குறி இன்னும் இருக்கிறது. அல்லது "ொ" ஒரே குறியாக இல்லாமல் கொம்பும் அரவுமாக இரண்டு துண்டாக அடிக்கப்பட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அடுத்தது பாமினி. பாமினிக் கோப்பில் நாம் "காணி" என்று வாசிப்பது, கணினிக்கு எவ், எச், இசட், பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். தமிழ் உருவம் பொன்டில் மட்டுமே இருக்கிறது. யூனிகோட் "காணி"யை அங்கே எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. எது எந்த வகை என்று அறிய, கோப்பைத் திறந்து "கா"வின் முதல் எழுத்தைத் தெரிவு செய்து, இமீடியட் விண்டோவில் கேள்விக்குறி போட்டு அஸ்க்டபிள்யூ, அடைப்புக்குள் செலெக்ஷன் டொட் டெக்ஸ்ட் என்று அடியுங்கள். 2965 வந்தால் யூனிகோட், 102 வந்தால் பாமினி.

எனவே முதல் பந்தியில் யூனிகோட் சொல், இரண்டாம் பந்தியில் அதே சொல் பாமினியில். ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு முறை தேட வேண்டும். பாமினித் தேடலில் மெட்ச்கேஸ் கட்டாயம் ட்ரூ. சின்ன எவ் "க", பெரிய எவ் "கு" என்பதால் பெரியது சிறியது பார்க்காத தேடல் வேறு சொற்களையும் அள்ளிக்கொண்டு வரும். மெட்ச்வைல்ட்கார்ட்ஸ் போல்ஸ் ஆக இருக்கட்டும். பாமினி நிறுத்தக்குறிகளையும் எழுத்தாகப் பாவிப்பதால் வைல்ட்கார்ட் அவற்றுக்கு வேறு பொருள் கொள்ளும். சொல்லில் ^ வந்தால் ^^ என்று இரட்டியுங்கள்.

முழுச் சொல் மட்டும் என்ற மெட்ச்ஹோல்வேர்டையும் அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொல் உருபேற்கும். "குளம்" என்று தேடினால் "குளத்தின்" கிடைக்காது, "குள" என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். "இரணைமடுக்குளம்", "இரணைமடுக் குளம்" என்று இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். ஆகவே "இரணைமடு" வரை போதும். "முல்லைத்தீவு", "முல்லைதீவு" இரண்டும் பழைய கடிதங்களில் இருக்கும், "முல்லை" என்று தேடிவிட்டுக் கண்ணால் பிரியுங்கள். நீளமாகத் தேடவும் வழியில்லை. 255 எழுத்துக்கு மேல் போனால் பழுது 5854.

தேடும் இடம்

டொக் டொட் கன்டென்ட் என்பது கோப்பின் நடு உடல் மட்டும். ஹெடர், புட்டர், அடிக்குறிப்பு, டெக்ஸ்ட் பொக்ஸ் அதில் சேராது. கடிதத் தலைப்பிலுள்ள "எனது இல." பெரும்பாலும் ஹெடரிலோ பெட்டியிலோதான் இருக்கும். டொக் டொட் ஸ்டோரிரேஞ்சஸ் வழியாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றிலும் நெக்ஸ்ட்ஸ்டோரிரேஞ்ச் வெறுமையாகும் வரை போக வேண்டும். அதை விட்டால் முதல் டெக்ஸ்ட் பொக்ஸோடு நின்றுவிடும்.

மக்ரோ ஒரே கோப்பில் முடியாமல் சுற்றினால் ரெப் (தேடல் கடைசிக்கு வந்ததும் என்ன செய்வது என்ற அமைப்பு) மதிப்பைப் பாருங்கள். கன்டினியூ (1) என்றால் கடைசிக்குப் போய்த் திரும்ப முதலிலிருந்து அதே சொல்லைப் பிடிக்கும். ஸ்டொப் (0) என்று வையுங்கள். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த கன்ட்ரோல் + பிரேக். தேடலுக்கு முன் கிளியர்பொமட்டிங்கையும் ஒருமுறை கூப்பிடுங்கள். முன்பு யாரோ கையால் தேடியபோது வைத்த "தடித்த எழுத்து மட்டும்" போன்ற நிபந்தனை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு கோப்பையும் டொக் டொட் குளோஸ், சேவ்சேஞ்சஸ் போல்ஸ் என்று மூடுங்கள். மறைவாகத் திறந்ததை மூடாமல் நடுவில் மக்ரோ நின்றால், அடுத்த முறை "இந்தக் கோப்பு பாவனையில் உள்ளது" என்று வரும். வேலைகளைச் சேமித்துவிட்டு, டாஸ்க் மனேஜரில் மிஞ்சியிருக்கும் வேர்ட்டை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

சோதனைப் போல்டரில் ஐந்தும் ஒன்றும் சரியாக வந்த பிறகும் ஒரு வகை மிஞ்சும். கடிதத்தை ஸ்கேன் பண்ணிப் படமாக வேர்ட்டில் ஒட்டியிருப்பார்கள். அதில் தேட எழுத்தே இல்லை. திறந்த கோப்பின் கன்டென்ட் டொட் டெக்ஸ்ட் நீளம் 20 இற்கும் குறைவாக இருந்து, இன்லைன்ஷேப்ஸ் டொட் கவுன்ட், ஷேப்ஸ் டொட் கவுன்ட் இரண்டில் ஒன்றாவது 0 இற்கு மேல் இருந்தால், அதன் பெயரைக் "கண்ணால் பார்க்க வேண்டியவை" என்று தனிப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்.