மலையில் வீடு கட்டுகிறீர்களா? பூச்சு வேலைக்கு முன்பே தண்ணீர், சூடு, காற்று மூன்றையும் முடிவு செய்யுங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர் கோயம்புத்தூரில் வரைந்த பிளானை அப்படியே மேலே கொண்டுவருகிறார்கள். அறை அளவிலும் படிக்கட்டிலும் குறை இருக்காது. தண்ணீர்க் குழாய், வெந்நீர், காற்றுப்போக்கு இந்த மூன்றில்தான் அது மலைக்குப் பொருந்தாது. நான் டீ ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் என் வீட்டைக் கட்டியபோது குழாய் வேலையை நானே செய்தேன். இப்போது சுற்றுவட்டாரத்தில் யாராவது அஸ்திவாரம் தோண்டினால் பிளானோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

எல்லோரிடமும் முதலில் சொல்வது, இங்கே வீட்டைக் கெடுப்பது குளிர் இல்லை, ஈரம். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்து, மெத்தை நாறி, குழந்தைக்கு வீசிங் வந்த பிறகு சுவரை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். வீட்டுக்குள் எவ்வளவு ஈரம் உண்டாகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை அடுப்படியில் விட்டுவிட்டுத்தான் தீர்கிறது. அதோடு குளியலறை ஆவி, மழைக்காலத்தில் உள்ளே காயப்போடும் துணி, தூங்குகிறவர்களின் மூச்சு. இதற்கெல்லாம் வெளியே போக வழி வைக்காமல் ஜன்னலை இறுகச் சாத்தி ஹீட்டர் போட்டால், சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு போய் வீட்டிலேயே எந்தச் சுவர் குளிர்ந்திருக்கிறதோ அதில் இறக்கிவைக்கும்.

வெளி ஈரத்தை நிலத்தை வெட்டும்போதே தடுக்க வேண்டும். வெட்டிய மேட்டோடு வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். குறைந்தது மூன்றடி சந்து விடுங்கள், அதன் அடியில் வாய்க்கால் எடுங்கள். மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டினால் பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் கசிந்து வெளியேறத் துளைக் குழாய் வையுங்கள். அந்தச் சந்து இருந்தால் பின்பக்க அறைகளுக்கும் ஜன்னல் வைக்கலாம். இடம் வீணாகிறது என்று அதை மூடி ஸ்டோர் ரூம் ஆக்கியவர்கள் வீட்டில் வருஷம் முழுக்கப் பூசணம்தான்.

அப்புறம் வென்டிலேட்டர். "அதான் ஜன்னல் இருக்கே அண்ணா, ஓட்டை எதுக்கு?" என்று மேஸ்திரிகள் கேட்பார்கள். மூடுபனி நாளில் யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், அதனால்தான். டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் டிரஃபை, அதாவது அடியிலிருந்து காற்று ஊதும் நீளத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இலையில் உள்ள ஈரத்தை எடுப்பது பெரும்பாலும் காற்றோட்டம்தான், காற்று ரொம்ப ஈரமாக இருக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் சூடு சேர்ப்போம். வீட்டுக்கும் அதே கணக்குதான். ஒவ்வொரு படுக்கையறையிலும் கூரையை ஒட்டி, மூட முடியாத, வலை அடித்த சிறு துளை ஒன்று வேண்டும். மழை அடிக்காத பக்கமாக அதை வையுங்கள். கோத்தகிரி, குன்னூரில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வரும். கூடலூர், ஊட்டிக்கு மேற்கே என்றால் ஜூனில் தொடங்கும் தென்மேற்குக் காற்றுதான் சுவரை நனைக்கும். ஊரைப் பார்த்துப் பக்கத்தை முடிவு செய்யுங்கள்.

குளியலறைக்கு ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போதும், ஷட்டர் உள்ளதாக வாங்குங்கள். ஆனால் ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவுக்கு அடியில் முக்கால் அங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள். கதவைத் தரையோடு தரையாக இழைத்துவிட்டு, ஃபேன் இழுக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

தகரக் கூரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வீட்டு ஆவி அதில் பட்டால் நீராகிச் சொட்டும். மழையே பெய்யாமல் கூரை ஒழுகுகிறது என்று வருகிறவர்களுக்கு இதுதான் காரணம். அடியில் இடைவெளி விட்டு சீலிங் போடுங்கள். அந்த இடைவெளிக்கு இரண்டு பக்க இறவாணத்திலும் காற்றுத் துளை வையுங்கள்.

இனி நெருப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி பலமுறை வந்திருக்கிறது. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடிவிடுவோம். கனிந்த கரியில் புகை இருக்காது, ஆனால் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம், அப்புறம் எழுந்து கதவைத் திறக்கக் கை கால் வராது. எனவே புகைபோக்கி இல்லாத எந்த நெருப்பும் தூங்கும் அறைக்குள் வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதுமா என்று கேட்காதீர்கள். வேண்டவே வேண்டாம்.

கேஸ் கீசருக்கும் இதுவேதான். குளியலறைக்குள் மாட்டினால் அந்தச் சின்ன அறையின் காற்றையே எரித்து அங்கேயே கக்கும். வெளிச்சுவரில் சன்ஷேடுக்கு அடியில், திறந்த இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரையோடு ஒட்டிய துளை வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

கணப்பு (ஃபயர்பிளேஸ்) வேண்டும் என்பவர்கள் அதை ஒழுங்காகக் கட்ட வேண்டும். வாய் இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் புகைபோக்கியின் உள்ளளவு அந்த வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். ஒன்பது அங்குலச் சதுரம் என்றால் சரியாக வரும். உச்சி கூரையிலிருந்து மூன்றடி மேலே போக வேண்டும். பத்தடி தூரத்துக்குள் கூரையின் முகடு இருந்தால் அதைவிட இரண்டடி உயர வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி உள்ளேயே அனுப்பும். தரைக்கு அடியில் நாலங்குலக் குழாய் ஒன்றை வெளியிலிருந்து கணப்புப் பக்கத்துக்கு எடுத்து வலை போடுங்கள், நெருப்புக்குத் தேவையான காற்று அதில் வரும். சீகையோ (வாட்டில்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), பிளந்து ஒரு கோடை காயவைத்த விறகைத்தான் எரிக்க வேண்டும். ஈர விறகு புகைபோக்கிக்குள் தார் மாதிரி படியும், பிறகு ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். மின்சார ஹீட்டர் போதும் என்றால் ஆயில் ரேடியேட்டர் நல்லது. தனி 16 ஆம்பியர் லைன், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இருக்கட்டும்.

வெந்நீருக்கு வருவோம். டேங்க் தண்ணீர் கோயம்புத்தூரில் 26 டிகிரி, இங்கே ஜனவரிக் காலையில் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 லிட்டரை 50 டிகிரிக்குக் கொண்டுவர 2 கிலோவாட் கீசருக்கு அங்கே 21 நிமிடம் ஆகும், இங்கே 33 நிமிடம். அதோடு முடியவில்லை. பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் குளித்தால் அந்த 25 லிட்டர் அங்கே 43 லிட்டராகப் பெருகும், இங்கே 34 லிட்டர்தான். அங்கே இருவர் குளிக்கும் கீசரில் இங்கே ஒருவர்தான் நிம்மதியாகக் குளிக்கலாம்.

கீசரைக் குழாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள். வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.யில், முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 15 மீட்டர் தள்ளி வைத்தால் ஒவ்வொரு தடவையும் நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் வெந்நீர் வரும். சமையலறையும் குளியலறையும் முதுகோடு முதுகாக இருக்கும்படி பிளான் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வெந்நீர்க் குழாயை உள்சுவர் வழியாகவே எடுத்து, கறுப்பு ஃபோம் உறை போட்டுப் புதையுங்கள். சி.பி.வி.சி. சூட்டில் நீளும். பத்து மீட்டர் நேர் ஓட்டத்தில் 40 டிகிரி ஏறினால் ஓர் அங்குலம் வரை நீளும், எனவே நடுவில் எல்போ போட்டு வளைவு கொடுங்கள். கீசரின் சேஃப்டி வால்வில் சொட்டுவதைக் கோளாறு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். 25 லிட்டர் சூடாகும்போது கால் லிட்டருக்கு மேல் பெருகுகிறது, அது எங்காவது போக வேண்டும். ஒரு சின்னக் குழாய் வைத்துத் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

சோலார் வைப்பதானால் உறைபனி விழும் பள்ளத்தில் தட்டை பேனல் வேண்டாம். தகரக் கூரைக்கு நடப்பதுதான் அதற்கும் நடக்கும். காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே பேனல் பூஜ்யத்துக்குக் கீழே போய், உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் பிளந்துவிடும். கண்ணாடிக் குழல் வகை இதைத் தாங்கும். தெற்குப் பார்த்து 20 முதல் 25 டிகிரி சாய்வு சரி. மூடுபனி வாரங்களுக்கு உள்ளேயே மின்சார எலிமென்ட் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் டேங்கின் அடிப்பகுதி சோலார் டேங்கின் மேல்மட்டத்தைவிட உயரத்தில் இருந்தால்தான் அது நிரம்பும்.

மலையில் நமக்கு இலவசமாகக் கிடைப்பது உயரம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மொட்டை மாடி டேங்க் ஷவருக்கு மேல் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், தண்ணீர் சொட்டும். அதே டேங்கை வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் உள்ள தட்டில், ஷவருக்கு ஐந்து மீட்டர் உயரத்தில் வைத்தால் அரை பார் கிடைக்கும், கூரைக்குப் பாரமும் இல்லை. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் அந்த ஒரே டேங்கிலிருந்து வரட்டும். பச்சைத் தண்ணீரை மட்டும் நேரே தெருக் குழாயிலிருந்து எடுத்தால், அழுத்தம் கூடிய பக்கம் மற்றதைத் தள்ளிவிடும், மிக்ஸரில் வெந்நீரே வராது. மேலிருந்து வரும் லைன் மேடு பள்ளமாக ஏறி இறங்கினால் ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் காற்று அடைக்கும். அங்கே காற்று விடச் சின்னக் குழாயோ வால்வோ வையுங்கள், பள்ளத்தில் சேறு வெளியேற்ற ஒரு கேட் வால்வு. லைனை ஒன்றரை அடி ஆழத்தில் புதைப்பது நல்லது. வெயிலில் கிடக்கும் பி.வி.சி. நொறுங்கும். அதற்கு முன்பே காட்டெருமை மிதித்துவிடும்.

கழிவு நீர்க் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று சரிவு போதும். மிச்ச இறக்கத்தைச் சேம்பருக்குள் செங்குத்தாக இறக்கிக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழியைத் தடுப்புச் சுவருக்கு மேல் தோண்டவே கூடாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஊறிய சரிவுக்கு நாமே தினமும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பூச்சுக்கு முன் எல்லாக் குழாய் வாயையும் அடைத்து, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, ஒரு இரவு கேஜைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் ஜாயின்ட் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இறங்காவிட்டால் சுவரில் டேப் பிடித்து ஒவ்வொரு குழாயையும் போட்டோ எடுத்துக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.