தொற்று வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இளம் மருத்துவர்கள் சிலரோடு தொற்று வார்டில் ரவுண்ட்ஸ் போனேன். 2020இல் கோவிட் காலத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். கை கழுவுவது, மாஸ்க் போடுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மருந்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது

வைரஸ் நோய்க்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று அப்போது வார்டுகளில் பெரிய சண்டையே நடந்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, அதிகபட்சம் 10 நாள். மலிவான பழைய மருந்து உயிரைக் காக்கிறது என்றதும் வந்தவர்களுக்கெல்லாம் எழுதத் தொடங்கினோம்.

ஆய்வு சொன்னது அதுவல்ல. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 41.4 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். இந்த மருந்தும் பெற்றவர்களில் அது 29.3. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2, 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிலோ கணக்கு தலைகீழ்: மருந்து இல்லாமல் 14.0, மருந்தோடு 17.8. இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் பலன் இருந்ததாகச் சொல்ல வழியே இல்லை. முதல் சில நாட்கள் வைரஸ் பெருகும் காலம். அப்போது உடம்பின் எதிர்ப்பை அடக்கி என்ன பயன்? நுரையீரலில் அழற்சி முற்றிய பிறகுதான் அந்த மருந்துக்கு வேலை.

என் நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 97 சதவீதம், சர்க்கரை நோய் உண்டு. அவருக்கும் எழுதினேன். இரண்டே நாளில் சர்க்கரை 400ஐத் தாண்டியது. சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், இன்சுலினோடு இரண்டு வாரம் படுத்திருந்தார். ஆக்சிஜன் அவருக்குக் கடைசிவரை தேவைப்படவே இல்லை. 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை பரவியபோது, கட்டுப்படாத சர்க்கரையையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டையும் பற்றிப் பேசாத மருத்துவர் இல்லை. எனக்கு அந்த நோயாளியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

போன வார ரவுண்ட்ஸில் அதே மருந்து, ஆக்சிஜன் 98 உள்ள கோவிட் நோயாளிக்கு. ஏன் என்று கேட்டால், "புரோட்டோகால்ல இருக்கு மேடம்." யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சிகிச்சை வழிகாட்டித் தாளில், இரண்டு வரி கீழே இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

பழைய தாள்

கையில் இருக்கும் புரோட்டோகால் தாள் எப்போதையது என்று தேதியைப் பாருங்கள்.

"கொடுத்தேன், பிழைத்தார்"

பெரும்பாலோர் தானாகவே தேறும் நோயில் எந்த மருந்தும் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கோவிட்டுக்குக் கொடுக்க 2020 மார்ச்சில் அமெரிக்கா அவசர அனுமதி கொடுத்து, ஜூனில் திரும்பப் பெற்றது. ரெகவரி ஆய்வில் அதைப் பெற்றவர்களில் இறப்பு 27.0 சதவீதம், பெறாதவர்களில் 25.0. கோவிட்டிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவுக்காக உறவினர்கள் ஊரெல்லாம் அலைந்தார்கள். இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடத்திய ஆய்வில் அது இறப்பைக் குறைக்கவில்லை. அந்த அலைச்சலுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுதான் காரணம்.

டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கையைத் துரத்துவது

ரத்தக்கசிவு இல்லையா? எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றாதீர்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைக் காட்டும் ஹெமட்டோக்ரிட்டைக் கவனியுங்கள்.

காரணம் எழுதாமல் விலகுவது

புரோட்டோகாலை மீற வேண்டிய நோயாளிகள் வருவார்கள். மீறுங்கள், ஆனால் கேஸ் ஷீட்டில் ஏன் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இரவு டியூட்டிக்கு வருபவர் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து அதே மருந்தைத் திரும்ப எழுதிவிடுவார். அப்படி ஒருமுறை நடந்தும் இருக்கிறது. அதனால்தான் போன வாரம் ஸ்டீராய்டை நிறுத்தியதும் காரணத்தையும் அந்த இளம் மருத்துவரையே எழுதச் சொன்னேன்.