வாக்குத்தத்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசிப்பது எப்படி?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொழும்புத் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டு வலம் வரும். உள்ளங்கை அளவு அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ரோஜாப்பூ, மறுபக்கம் ஒரு வசனம்; புதிய வருடத்துக்கான கடவுளின் வாக்குறுதி, அதாவது வாக்குத்தத்தம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போம். வருடம் முழுக்க அது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அடிக்கடி வந்து விழுகிற ஒன்று எரேமியா 29:11. நம்மைக் குறித்துக் கடவுள் நினைத்திருக்கிறவை ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற வசனம்.

அட்டை எடுப்பது நல்ல வழக்கம்தான். எடுத்த பிறகு என்ன செய்வது என்றுதான் பலருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. வேதத்தை வாசிப்பது, அதை யோசிப்பது, அதிலிருந்து ஜெபிப்பது, மூன்றையும் இந்த ஒரு வசனத்தை வைத்தே செய்து பார்ப்போம். ஒரு மணி நேரம் போதும்.

1. வேதாகமம், பென்சில், கொப்பி

பெரும்பாலான புரட்டஸ்தாந்து வீடுகளில் இருப்பது பழைய திருப்புதல் என்கிற மொழிபெயர்ப்பு. அதன் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். சிறுவயதிலிருந்து கேட்டவருக்கு இனிக்கும், புதிதாக வருகிறவருக்கு மூச்சு வாங்கும். கத்தோலிக்கர் கையில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கும். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் 66 நூல்கள், மற்றதில் 73 என்று பயப்பட வேண்டாம், எரேமியா இரண்டிலும் உண்டு. வாங்க வேண்டுமென்றால் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலேயே இலங்கை வேதாகமச் சங்கம் இருக்கிறது. 1812இல் தொடங்கிய சங்கம். போனில் வாசிப்பதும் சரிதான். ஆனால் தேடினால் அந்த ஒரு வசனத்தை மட்டும் கொண்டுவந்து காட்டும். முழு அதிகாரத்தையும் திறந்துவிட்டுத் தொடங்குங்கள்.

2. சத்தமாக வாசியுங்கள்

எரேமியா 29, முதல் 14 வசனங்கள். வாய்விட்டு, அவசரமில்லாமல். பிரசங்க வீடியோ, விளக்கவுரை எதுவும் இப்போது வேண்டாம். விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

3. யார், யாருக்கு, எப்போது?

இந்த மூன்று கேள்விக்கும் விடையை வெளியே தேட வேண்டியதில்லை, முதல் மூன்று வசனங்களிலேயே இருக்கிறது. இது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் நாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எழுதுகிறார். யூதாவின் ராஜா போய்விட்டார், ராஜாவின் தாய் போய்விட்டார், தச்சரும் கொல்லரும்கூடப் போய்விட்டார்கள். கி.மு. 597இல் நடந்த நாடுகடத்தல் அது.

இப்போது 5ஆம் வசனம். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பழங்களைச் சாப்பிடுங்கள். அடுத்ததில் கல்யாணம், பிள்ளைகள், பிள்ளைகளுக்குக் கல்யாணம். ஊருக்கு எப்போது திரும்பலாம் என்று மூட்டை கட்டிக் காத்திருந்தவர்களுக்கு வந்த கடிதம் என்பதை நினைவில் வைத்து இதைத் திரும்ப வாசியுங்கள். விசா வரும் வரை என்று வெள்ளவத்தையில் வாடகை அறை எடுத்து, கட்டில்கூட வாங்காமல் பாயில் படுத்து வருடங்களைத் தள்ளுகிறவர்களை நம்மில் பலருக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கு இந்த வசனம் எப்படிக் கேட்கும்?

அப்புறம் 10ஆம் வசனம். அட்டையில் அச்சாகாத வசனம். பாபிலோனில் 70 வருடம் நிறைவேறிய பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. கடிதத்தைக் கேட்டபோது முப்பது வயதான ஒருவர் அந்த நாளைப் பார்க்க நூறு வயது வரை இருக்க வேண்டும். ஆக, 11ஆம் வசனத்தின் ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ முதலில் சொல்லப்பட்டதே தங்கள் காலத்தில் விடிவைக் காணப்போகாத பெரும்பாலானோருக்கு. கொப்பியில் இந்த இரண்டு வசனங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வையுங்கள்.

4. ஒரு பக்கம் பின்னால் திருப்புங்கள்

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்னால் அறிவிக்கிறார். எரேமியா முதலில் ஆமென் என்கிறார், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார்! பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியா தன் கழுத்தில் மாட்டியிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும் சண்டைக்கு நிற்காமல் தன் வழியே போகிறார். பிறகுதான், அனனியா சொன்னது பொய் என்கிற கடவுளின் பதிலோடு திரும்பி வருகிறார்.

இரண்டு பேருமே ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்றுதான் பேசினார்கள். இந்த வருடம் உனக்கு வெளிநாடு நிச்சயம், மார்ச்சுக்குள் வீடு என்று தேதி போட்டு யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், இந்த அதிகாரத்தை இரண்டு தடவை வாசியுங்கள்.

5. அப்படியென்றால் இது எனக்கா?

இறையியல் என்றால் ஏதோ பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் போய்ப் படிக்கிற பாடம் என்று ஒதுங்க வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்ட உடனேயே நீங்கள் இறையியலுக்குள் வந்துவிட்டீர்கள். இன்றைய சபைகளில் இதற்கு மூன்று விதமாகப் பதில் கிடைக்கும். சிலர், வசனம் உயிருள்ளது, நேராக எனக்கே பேசுகிறது என்பார்கள். சிலர், தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவில் ‘ஆம்’ ஆகின்றன என்கிற 2 கொரிந்தியர் 1:20ஐக் காட்டி, அவர் வழியாகவே இது நமக்கு வருகிறது என்பார்கள். இன்னும் சிலர் 1 பேதுருவைத் திறந்து, சபையே இந்த உலகில் சிதறிக் குடியிருக்கும் பரதேசிகள்தான், அதனால் இது தனி ஆளுக்கு முன் சபைக்கு என்பார்கள்.

நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பிடிப்பவன். முதலாவதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். தேசிய வைத்தியசாலை வார்டில் தாயின் கட்டில் அருகே இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் போய் கி.மு. 597 பற்றி வகுப்பு எடுக்கக் கூடாது. ஆனால் முதலாவது பதில் மட்டும் கையில் இருந்தால், வருடம் முடிந்து ஒன்றும் நடக்காதபோது தன் விசுவாசம் போதவில்லை என்று அந்த ஆள் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வார். 10ஆம் வசனம் தெரிந்தவருக்கு அந்த வலி கொஞ்சம் குறையும்.

6. ஜெபம்

வாசித்ததை மூடிவிட்டு வழக்கமான ஜெபத்துக்குப் போய்விடாதீர்கள். வாசித்த வசனங்களையே ஜெபமாக்குங்கள். பழைய முறைதான், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி இதை வாசிப்பு, தியானம், செபம், ஆழ்ந்திருத்தல் என்று நான்கு படியாக எழுதி வைத்தார். வேத வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொன்னது.

7ஆம் வசனத்தில் தொடங்குங்கள்: நீங்கள் கொண்டுபோகப்பட்ட நகரத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபியுங்கள். பாபிலோனுக்காக! தங்கள் நகரத்தைப் பிடித்தவர்களின் ஊருக்காக. கொழும்பில் இதை லேசாகச் சொல்லிவிட முடியாது. 1983 ஜூலையில் இதே தெருக்களில் வீடு எரிந்ததைப் பார்த்தவர்கள் நம் ஆராதனைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்தவர்களும் இருக்கிறார்கள். வாய் வரவில்லையென்றால் சங்கீதம் 137ஐ எடுங்கள். அதே பாபிலோன், அதே அகதிகள். ஆற்றங்கரையில் அழுது, கடைசியில் கேட்கவே கூசும் கோபத்தோடு முடிக்கிறார்கள். அதுவும் வேதத்தில் இருக்கிற ஜெபம்தான். அதைச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் 7ஆம் வசனத்துக்குத் திரும்பி வரலாம்.

சொல்ல முடிந்தவர்கள் பொதுவாக ‘கொழும்பை ஆசீர்வதியும்’ என்று முடிக்காமல் இடத்தையும் ஆளையும் சொல்லுங்கள். இப்படி:

‘ஆண்டவரே, நாங்கள் வந்து சேர்ந்த இந்த நகரத்துக்குச் சமாதானம் தாரும். களனி கங்கை பெருகும்போது தூக்கமில்லாமல் இருப்பவர்களைக் காத்தருளும். எங்கள் மாடியில் குடியிருக்கும் சிங்களக் குடும்பத்துக்கும் எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் நல்ல நாளைத் தாரும். நாங்கள் கேட்டது எங்கள் காலத்தில் வராவிட்டாலும் இங்கே வீடு கட்டி வாழும் மனதைத் தாரும். ஆமென்.’

பிறகு இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். முதல் தடவை கை தானாக போனைத் தேடும், பரவாயில்லை.

7. இன்னொருவரோடு

கோடு போட்டு வைத்த இடங்களை வீட்டுக்கூட்டத்திலோ ஆராதனைக்குப் பிறகு போதகரிடமோ கேளுங்கள். வேறு சபைக்காரர் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் மதியச் சாப்பாட்டில் அவரிடமும் கேளுங்கள். உங்கள் சபையில் எல்லோரும் தாண்டிப் போகிற வரியில் அவர் நின்றிருப்பார்.

அடுத்த தடவைக்கு பிலிப்பியர் 4:13. அதுவும் அட்டையில் அடிக்கடி வரும். வாசிப்பை 10ஆம் வசனத்தில் தொடங்குங்கள், பவுல் எந்த நிலைமையிலிருந்து எழுதுகிறார் என்பதற்கு 1:13ஐப் பாருங்கள்.