அடர் புதரில் வேட்டையாடத் துப்பாக்கியும் காலிபரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதர்க்காட்டு வேட்டைக்கென்று துப்பாக்கி வாங்கப் புறப்படுகிறவரின் காதில் முதலில் விழும் அறிவுரை, கனமாகவும் முனை மழுங்கலாகவும் இருந்து மெதுவாகச் செல்லும் குண்டையே வாங்க வேண்டும், அதுதான் கிளைகளை முறித்துக்கொண்டு நேராகப் போகும் என்பதாகும். அனுபவம் மிக்க வேட்டைக்காரர்கள் பலரும் ஆணித்தரமாகச் சொல்லும் இந்தக் கருத்து தவறானது. குச்சிகளை வரிசையாக நட்டு அவற்றினூடே பலவகைக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்த சோதனைகளில், சிறியது பெரியது என்ற வேறுபாடின்றி எல்லாக் காலிபர்களும், அதாவது எல்லா விட்ட அளவுக் குண்டுகளும், தடம் மாறியிருக்கின்றன. நீளமும் எடையும் கூடிய குண்டு சராசரியில் சற்றுக் குறைவாக விலகக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சராசரியை நம்பி ஓர் உயிருள்ள விலங்கின் மீது சுடுவது முறையல்ல.

காரணம் எளிதானது. ரைஃபிள் குழலின் உட்புறத்திலுள்ள திருகுவரிகள் குண்டைச் சுழல வைக்கின்றன. அந்தச் சுழற்சியே அதன் முனையை முன்நோக்கி நிறுத்துகிறது. பென்சில் கனமுள்ள ஒரு பச்சைக் குச்சியின் ஓரத்தில் உரசினால்கூட முனை சாய்ந்து, குண்டு தள்ளாடத் தொடங்கி, பாதை திரும்பிவிடுகிறது. அந்த விலகல் 2 பாகை என்று வைத்துக்கொண்டால், குச்சிக்கும் விலங்குக்கும் இடையில் 1 மீட்டர் மட்டுமே இருக்கும்போது குண்டு மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்படும். இடைவெளி 10 மீட்டரானால் அதுவே 35 சென்டிமீட்டர் ஆகிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், துப்பாக்கிக்கு அருகிலுள்ள குச்சியே அதிகக் கேடு விளைவிப்பது என்பது விளங்கும். ஆகவே புதர்க்காட்டுத் துப்பாக்கியின் வேலை புதரைத் துளைப்பதன்று. புதரில் கிடைக்கும் சிறு இடைவெளியை வேட்டைக்காரர் விரைவாகக் கண்டு, அது மூடிக்கொள்வதற்குள் அதன் வழியே சுட உதவுவதுதான்.

இந்த நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் தெரிவின் வரிசை மாறிவிடுகிறது. பெரும்பாலோர் காலிபரில் தொடங்குகிறார்கள். நான் துப்பாக்கியின் உடலமைப்பில் தொடங்கச் சொல்வேன். அடர் புதரில் பெரும்பாலான வாய்ப்புகள் 100 மீட்டருக்குள்ளும், பல நேரங்களில் 50 மீட்டருக்குள்ளுமே கிடைக்கும். அவையும் சில நொடிகளே நீடிக்கும். 16 முதல் 20 அங்குலக் குழல் கொண்டு, மூன்று கிலோவை ஒட்டிய எடையுள்ள துப்பாக்கி இதற்குப் பொருத்தமானது. குழல் குறுகினால் வேகம் குறையுமே என்ற கவலை வேண்டாம்: .308 போன்ற தோட்டாவில் ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு 6 முதல் 9 மீட்டர் வரைதான் இழப்பு. 100 மீட்டருக்குள் அது எந்த மாற்றத்தையும் உண்டாக்காது. சத்தமும் குழல்வாயில் எழும் தீச்சுடரும் கூடும் என்பதே குறுங்குழலின் உண்மையான குறை. 16 அங்குலத்தை நாடுகிறவர் இதைச் சிந்தித்துக்கொள்ள வேண்டும். எடையையும் அளவுக்கு மீறிக் குறைக்கக் கூடாது. மிக இலேசான துப்பாக்கி தோளை உதைப்பதோடு, மூச்சு வாங்கும் கைகளில் நிலையாகவும் நிற்காது.

துப்பாக்கி உடம்புக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடலாம். அது காலியாக இருப்பதை முதலில் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் உறுதி செய்துகொண்டு, வேட்டைக்கு அணியும் தடித்த மேற்சட்டையோடு, பாதுகாப்பான திசையில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டுக் கண்களை மூடி, துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வைத்துப் பின் கண்களைத் திறக்க வேண்டும். குறிகள் கண்ணுக்கு நேராக அமைந்திருந்தால் பொருத்தம் சரி. கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் புதரில் பயன்படாது. கட்டையின் அடி அக்குளில் சிக்குகிறது என்றால் அதை ஓர் அங்குலம் வெட்டிக் குறைப்பது எளிய, பயன்மிக்க திருத்தம்.

இயக்கமுறையைப் பொறுத்தவரை, விசையருகிலுள்ள நெம்புகோலை இறக்கி உயர்த்தித் தோட்டா ஏற்றும் லீவர் வகை காலங்காலமாகப் புதர்க்காட்டோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தட்டையான பக்கங்களும் ஒல்லியான உடலும் கொண்ட வின்செஸ்டர் 94, மார்லின் 336 போன்றவற்றைக் கையின் பிடியில் நடுப்பகுதியைப் பற்றிக்கொண்டு நாள் முழுதும் நடக்கலாம். தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். குழலுக்கடியிலுள்ள குழாய்க் கிடங்கில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டு முன்னாலுள்ள தோட்டாவின் பற்றவைப்பு மூடியை அழுத்தி வெடிக்கச் செய்யும் ஆபத்து உண்டு. ஆகவே தட்டைமுனை, உருண்டைமுனைக் குண்டுகளையோ, இதற்கென்றே நெகிழும் முனையோடு செய்யப்பட்டவற்றையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். மழுங்கல் குண்டு புதரைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பரவியதற்கு, புதர்க்காட்டில் அதிகம் புழங்கிய துப்பாக்கிகளில் அந்தக் குண்டைத் தவிர வேறொன்றும் போட முடியாமல் இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பக்கக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்துத் தள்ளும் போல்ட் வகை சற்று மெதுவானது என்றாலும், ஏற்கெனவே ஒரு போல்ட் ரைஃபிளோடு பழகியவர் அதைக் கைவிட வேண்டியதில்லை; பழகிய கையின் போல்ட், பழகாத கையின் லீவரைவிட விரைவாக இயங்கும். முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகையும் தானியங்கு வகையும் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் நன்றாகவே பயன்படுகின்றன.

குறிபார்க்கும் கருவியில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். திறந்தவெளிக்கென்று செய்த பெரிய ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, 9 மடங்கில் வைத்துக்கொண்டு 20 மீட்டரில் நிற்கும் மானைப் பார்த்தால், ஒரு மீட்டருக்கும் குறைவான வட்டத்துக்குள் எது தோள் எது தொடை என்று பிரித்தறிய முடியாத மயிர்ப்பரப்பு மட்டுமே தெரியும். புதருக்கு ஏற்றது 1 முதல் 4 வரை, அல்லது ஒன்றரை முதல் 5 வரை மாற்றக்கூடிய ஸ்கோப்; அதைக் குறைந்த மடங்கிலேயே வைத்து நடக்க வேண்டும், நேரம் கிடைத்தால் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். 3 முதல் 9 வரையுள்ள ஸ்கோப் ஏற்கெனவே இருந்தால் அதை 3இல் வைத்தும் சமாளிக்கலாம். உருப்பெருக்கமில்லாத சிவப்புப் புள்ளிக் கருவியை இரு கண்களையும் திறந்தபடி பயன்படுத்தலாம் என்பதால், வேகத்தில் அதற்கு இணை இல்லை. ஆனால் மின்கலம் தீர்ந்துபோவதையும் கண்ணாடியில் மழைத்துளி நிற்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்கருகில் பொருத்தும் பெரிய துளை வளையக்குறி ஓயாத மழையிலும் வேலை செய்யும். அந்திக் கருக்கலில் மட்டும் அது ஸ்கோப்பிடம் தோற்றுவிடும்.

ஸ்கோப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே கண் காணும் பாதை தெளிவாக இருந்தாலும், குண்டு செல்லும் பாதை துப்பாக்கிக்கு முன்னாலுள்ள தழையிலோ சாய்ந்திருக்கும் மரத்துண்டின் விளிம்பிலோ மோதக்கூடும். தொலைவிலுள்ள விலங்கின் மீது பார்வை குவிந்திருக்கும்போது மிக அருகிலுள்ள குச்சி மங்கலாகிக் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். விசையில் விரலை வைப்பதற்கு முன் ஸ்கோப்புக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

இனி தோட்டா. புதரில் அடிபட்ட விலங்கு 40 மீட்டர் ஓடினாலே கண்ணில் படாமல் போய்விடும் என்பதால், இரத்தத் தடத்தைப் பின்தொடர்வதுதான் அதைக் கண்டடையும் வழி. குண்டு மறுபக்கமாக வெளியேறினால் இரண்டு துளைகளிலிருந்தும் இரத்தம் வடிந்து தடம் தெளிவாக விழும். குறைந்த தூரத்தில் குண்டு ஏறத்தாழ முழு வேகத்தோடு தாக்குவதால், இலேசான, மெல்லிய உறையுள்ள, மிகுவேகக் குண்டு எலும்பில் பட்டதும் சிதறி உள்ளே போகாமல் நின்றுவிடலாம். உறையோடு ஈயம் பிணைக்கப்பட்ட குண்டோ, முழுவதும் செம்பாலான குண்டோ இந்தக் குறையைத் தவிர்க்கும். மிதவேகத் தோட்டாவில் சாதாரண மென்முனைக் குண்டே போதும். காலிபரைக் காட்டிலும் குண்டின் கட்டுமானமே முதன்மையானது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

மானுக்கு 1895இல் வெளிவந்த .30-30 வின்செஸ்டர் இன்றும் குறைவற்றது: 170 கிரெய்ன், அதாவது 11 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது, உதைப்பும் மிதமானது. 1906இல் வந்த .35 ரெமிங்டன் 200 கிரெய்ன் குண்டோடு இதைவிடச் சற்றுப் பெரிய துளையிடும். ஆனால் தோட்டா கிடைப்பது அரிதாகி வருகிறது. ஒரே துப்பாக்கியைப் புதரிலும் வெட்டவெளியிலும் பயன்படுத்த விரும்புகிறவருக்கு .308 வின்செஸ்டரும் 7 மி.மீ.-08 ரெமிங்டனும் ஏற்றவை. நான் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் குறுங்குழல் .308ஐயே சொல்வேன். தோள்பகுதியில் தடித்த தோற்கவசம் கொண்ட பெரிய ஆண் காட்டுப்பன்றிக்கும், மூஸ் என்னும் மிகப் பெரிய மான் போன்ற பேருடல் விலங்குக்கும் 180 கிரெய்ன் .30-06, அல்லது ஐரோப்பாவில் துரத்து வேட்டைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் 9.3×62 பொருத்தமாக இருக்கும். 1873இல் இராணுவத்துக்காக உருவான .45-70 இன்னும் வலிமை வாய்ந்ததுதான். ஆனால் அதன் தோட்டாக்கள் மேல்மூடியைத் தூக்கித் தோட்டா இடும் பழைய டிராப்டோர் துப்பாக்கிகளுக்கும், நவீன லீவர் துப்பாக்கிகளுக்கும், மிக வலுவான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளுக்குமென வெவ்வேறு அழுத்த நிலைகளில் விற்கப்படுகின்றன. மிகுந்த அழுத்தமுள்ள தோட்டாவைப் பழைய டிராப்டோரில் போட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம் என்பதால், பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கையைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

எதை எடுத்தாலும், உதைப்பை அஞ்சிக் கண்ணை மூடாமல் சுட முடிகிற அளவே அவரவருக்கான உச்ச வரம்பு. உடலில் ஒதுங்கிப் பட்ட பெரிய குண்டைவிட நுரையீரலில் பட்ட சிறிய குண்டு விரைவில் வீழ்த்தும். சில ஆட்சிப்பகுதிகளில் மிகக்குறைந்த காலிபர், தோட்டாவின் வடிவம், ஈயக் குண்டின் தடை ஆகியவற்றுக்குச் சட்ட விதிகள் உள்ளன. வேட்டையே தடைசெய்யப்பட்ட இடங்களும் உள்ளன. பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

புதரில் அசைவது விலங்கா மனிதரா என்பது திறந்தவெளியில்போல் உடனே தெரியாது. சலசலப்பையோ பழுப்பு நிறத் துண்டையோ நோக்கிச் சுடவே கூடாது. ஸ்கோப்பை அடையாளம் காணும் கருவியாகப் பயன்படுத்துவதும் கூடாது, ஏனெனில் அப்போது குழல் ஏற்கெனவே ஒரு மனிதரை நோக்கியிருக்கக்கூடும். கழுத்தில் இருகுழல் தொலைநோக்கியைத் தொங்கவிட்டு, விலங்கு முழுவதும் தெரிந்து, அதற்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடோ சரிவோ இருக்கிறதென்று உறுதியான பிறகே துப்பாக்கியை உயர்த்த வேண்டும். உடலில் பளிச்சென்ற ஆரஞ்சு ஆடை இருக்கட்டும். தோள்வாரைப் புதருக்குள் நுழையுமுன் கழற்றிவிடுவது நல்லது. அது கிளையில் மாட்டி இழுபடும்போது குழல் எந்தத் திசைக்கும் திரும்பலாம்.

வாங்கிய பின், வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவைக் கொண்டு 100 மீட்டரில் குறி சரிசெய்து, பிறகு 25, 50 மீட்டர்களிலும் சுட்டு, குண்டு எங்கே படுகிறதென்று தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கோப்பின் உயரத்தால் மிக அருகில் அது சற்றுக் கீழே படும், சிறிய இடைவெளியில் சுடும்போது இந்தக் கணக்கு தேவைப்படும். மேசையில் சாய்ந்து சுடுவது குறி சரிசெய்வதற்கு மட்டும்தான். பயிற்சியை நின்றுகொண்டு, தாழ்ந்த நிலையிலிருந்து துப்பாக்கியை உயர்த்தி, ஒரு தட்டளவான தாளில் மூன்று நொடிகளுக்குள் முதல் குண்டைப் பதிப்பதாக அமைத்துக்கொள்ள வேண்டும். அது தவறாமல் பதியும் தூரம் எவ்வளவோ, புதருக்குள் அதைத் தாண்டிச் சுடக் கூடாது.